பாட்டு கேட்டால் நாடி என்ன ஆகும்? வீட்டிலேயே அளந்து பார்க்க ஒரு முழு வழிகாட்டி

போன வருடம் ரத்த அழுத்தம் பார்க்க ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் டிவி அலறிக்கொண்டிருந்தது. ஒரு குத்துப்பாட்டு முடிந்தால் இன்னொன்று. நாற்பது நிமிடம் அதற்குக் கீழே உட்கார்ந்துவிட்டு உள்ளே போனால் நாடி 96. "என்ன சார், டென்ஷனா?" என்றார் நர்ஸ். வீட்டுக்கு வந்து ஈஸிசேரில் கால் நீட்டிக் கொஞ்ச நேரம் கிடந்துவிட்டுப் பார்த்தேன். 74.

அந்த 22 துடிப்பு எங்கிருந்து வந்தது, எங்கே போனது? பழியைப் பாட்டின் மேல் போட ஆசைதான். ஆனால் அன்றைக்கு மாடி ஏறியிருந்தேன், வழியில் ஒரு காபி குடித்திருந்தேன், டாக்டர் என்றாலே எனக்கு உள்ளூர ஒரு நடுக்கம் வேறு உண்டு. இதில் பாட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாமே என்று நோட்டும் கடிகாரமும் எடுத்து உட்கார்ந்ததில் தெரிந்துகொண்டவைதான் இந்த வழிகாட்டி. நீங்களும் செய்து பார்க்கலாம். செலவு ஒன்றும் இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதயம் தாளத்துக்கு ஆடாது. நிமிடத்துக்கு 60 தட்டு விழும் பாட்டைப் போட்டால் இதயமும் 60க்கு வந்து நிற்கும் என்று யூடியூபில் அடித்துச் சொல்கிறார்கள். அப்படி நடப்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. தாளத்தோடு சுலபமாக ஒட்டிக்கொள்வது மூச்சு. மூச்சு போகிற பக்கம் இதயமும் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருகிற எல்லாப் படிகளும் எளிதாகப் புரியும்.

உள்ளே நடப்பது

இதயத்துக்குத் தாளம் போடும் ஆள் இதயத்துக்குள்ளேயே இருக்கிறார். வலது மேலறையின் சுவரில் இருக்கும் எஸ்.ஏ. கணு என்ற சிறு திசுதான் அது. யாரும் தலையிடாமல் விட்டால் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 தடவை அடிக்கும். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களைப் பார்த்தால் இது தெரியும். அவர்களுடைய இதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுந்துபோயிருப்பதால், சும்மா இருக்கும்போதே துடிப்பு 90, 100 என்று ஓடும். நமக்கு 70 என்று இருப்பதற்குக் காரணம், மூளைத்தண்டிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு எந்நேரமும் பிரேக்கில் கால் வைத்திருப்பது. ஆக்சிலரேட்டர் வேலையைப் பார்ப்பது உடம்பைப் பரபரப்பாக்கும் பரிவு நரம்புகளும் அட்ரினலினும்.

பாட்டு காதில் விழுந்ததும் அந்தத் தகவல் முதலில் மூளைத்தண்டுக்குப் போகிறது. மூச்சையும் இதயத்தையும் நடத்தும் முகுளமும் அதே மூளைத்தண்டில்தான் இருக்கிறது. பாட்டு நன்றாக இருக்கிறதா, யார் பாடியது என்றெல்லாம் மேல்மூளை யோசித்து முடிப்பதற்குள் கீழே வேலை ஆரம்பித்துவிடும். திடீரென்று தவில் ஒரு அடி அடித்தால் தூக்கிவாரிப் போடுகிறதே, அதில் ரசனைக்கு இடமே இல்லை.

இன்னொரு வழி மூச்சு. இதைப் படிக்கும்போதே செய்து பாருங்கள். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு நான்கு எண்ணும்வரை மூச்சை இழுங்கள், ஆறு எண்ணும்வரை விடுங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரைவதும் விடும்போது தளர்வதும் விரலுக்குத் தெரியும். மூச்சை விடும்போது வேகஸ் பிரேக்கை அழுத்துகிறது, இழுக்கும்போது தளர்த்துகிறது. இளவயதில் இந்த ஏற்ற இறக்கம் நன்றாகத் தெரியும், வயது ஏற ஏறக் குறையும். என் பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தெளிவாகத் தெரிந்தது, எனக்குத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. பாட்டு செய்கிற காரியத்தில் பெரும்பகுதி இந்த வழியாகத்தான் நடக்கிறது. மெதுவான பாட்டு மூச்சை நீட்டுகிறது, நீண்ட மூச்சு பிரேக்கை அழுத்துகிறது.

அளந்து பார்த்தவர்கள்

நாடியையும் தாளத்தையும் சேர்த்து யோசிப்பது புதிது அல்ல. தாளத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவி வருவதற்கு முன், 1752இல் புல்லாங்குழல் வாசிப்பு பற்றி எழுதிய ஜெர்மானியர் குவாண்ட்ஸ், பாட்டின் வேகத்தைக் குறிக்க நாடியையே அளவுகோலாக வைத்தார். நிமிடத்துக்கு 80 துடிப்பு என்பது அவர் கணக்கு. அதே நூற்றாண்டின் கடைசியில் கிரேத்ரி என்ற இசையமைப்பாளர் ஒரு படி மேலே போனார். நாடியில் விரல் வைத்துக்கொண்டே மனதுக்குள் ஒரு பாட்டை வேகமாகவும் மெதுவாகவும் ஓட்டி, நாடி கூடவே மாறுகிறதா என்று பார்த்தார். மாறியது என்று எழுதியும் வைத்தார். நாம் செய்யப் போவதும் கிட்டத்தட்ட அதுதான்.

இந்த விஷயத்தில் நான் அதிகம் நம்புவது இத்தாலியின் பாவியா நகரில் லூச்சியானோ பெர்னார்டி என்ற மருத்துவர் குழுவோடு செய்து 2006இல் வெளியிட்ட சோதனையை. 24 பேர். பாதிப் பேர் இசை பயின்றவர்கள், மீதிப் பேர் பயிலாதவர்கள். எல்லாரையும் படுக்க வைத்து, ஹெட்ஃபோனில் ஆறு வகை இசையை வரிசை மாற்றிப் போட்டார்கள். வேகமான மேற்கத்திய செவ்வியல், மெதுவான செவ்வியல், ராப், டெக்னோ, பன்னிரு சுர நவீன இசை, கூடவே நம் இந்திய ராகம் ஒன்று. இடையில் இரண்டு நிமிட மௌனத்தையும் செருகினார்கள்.

வேகம் கூடக் கூட மூச்சும் ரத்த அழுத்தமும் துடிப்பும் கூடின. எந்த வகை இசை, கேட்பவருக்குப் பிடித்ததா என்பதைவிட எவ்வளவு வேகம் என்பதுதான் எடுபட்டது. இசை பயின்றவர்களின் மூச்சு பாட்டின் வேகத்தோடு இன்னும் நெருக்கமாக ஒட்டியது. மெதுவான ராகத்தின்போது துடிப்பு நன்றாகவே இறங்கியது. ஆனால் எனக்கு ஆச்சரியம் தந்தது இன்னொன்று. துடிப்பும் ரத்த அழுத்தமும் தொடக்க அளவுக்கும் கீழே இறங்கியது நடுவில் வந்த அந்த இரண்டு நிமிட மௌனத்தில். பாட்டில் இழுத்துக் கட்டிய கயிறு, பாட்டு நின்றதும் சட்டென்று தளர்கிற மாதிரி. கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் கோர்வையில் போய் முடிந்து, கைதட்டல் ஓய்ந்ததும் உடம்பில் வரும் அந்தத் தளர்ச்சியை நினைத்துக்கொள்ளுங்கள்.

2009இல் அதே குழு, ஒலி படிப்படியாகப் பெருகும் இடங்களில் ரத்த அழுத்தமும் துடிப்பும் சேர்ந்து ஏறுவதையும், தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குவதையும் காட்டியது. இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் பாட்டு வரிகள் சில ஏறத்தாழ பத்து வினாடி நீளம் கொண்டவை. நம் ரத்த அழுத்தத்திலும் இயல்பாகவே பத்து வினாடிக்கு ஒரு அலை உண்டு. அந்த வரிகளைக் கேட்டபோது உடம்பின் அலை அவற்றோடு சேர்ந்துகொண்டது. பத்து வினாடிக்கு ஒன்று என்றால் நிமிடத்துக்கு ஆறு. இதே பெர்னார்டி 2001இல், லத்தீன் ஜெபமாலையும் 'ஓம் மணி பத்மே ஹூம்' மந்திரமும் சொல்ல வைத்துப் பார்த்தபோதும், சொல்பவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்குத்தான் வந்து நின்றது. மதம் எதுவானாலும் ஆறு!

ஸ்வீடனின் கோதன்பர்க்கில் 18 வயதுள்ள 15 பேரைச் சேர்ந்து பாட வைத்துப் பார்த்தார்கள். 2013இல் வந்த ஆய்வு அது. மெதுவான மந்திரம் மாதிரி ஒன்றைப் பாடி, ஒவ்வொரு வரிக்கும் இடையில் மட்டும் மூச்சு எடுத்தபோது, எல்லாருடைய துடிப்பும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியது. காரணம் மூச்சுதான். எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கி ஒரே இடத்தில் விட்டால் எல்லா இதயமும் ஒன்றாக விரைந்து ஒன்றாகத் தளரும். பஜனையில் வரிக்கு வரி பின்பாட்டுப் பாடும்போதும் மூச்சு வாங்கும் இடம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

படி 1: நாடி பிடிக்கப் பழகுங்கள்

உள்ளங்கையை மேலே பார்க்க வையுங்கள். கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டு மடிப்பிலிருந்து ஒரு விரல் தள்ளி, எலும்புக்கும் நரம்பு போலத் துருத்தும் தசைநாணுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை அங்கே வையுங்கள். சித்த வைத்தியர்கள் வாதம், பித்தம், கபம் என்று மூன்று விரலால் பார்ப்பதும் இதே இடம்தான். கட்டைவிரலை வைக்க வேண்டாம். அதிலும் துடிப்பு தெரியும் என்பதால் எதை எண்ணுகிறோம் என்று குழம்பிவிடும். ரொம்ப அழுத்தினால் நாடி காணாமல் போகும்.

முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். அவசரத்துக்கு 15 வினாடி எண்ணி நாலால் பெருக்குவது பொதுவாகப் போதும்தான், இந்த வேலைக்குப் போதாது. ஒரு துடிப்பை விட்டுவிட்டால் கணக்கில் நான்கு பிசகும். நாம் தேடுகிற மாற்றமே மூன்று நான்கு துடிப்புதான்.

ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் இன்னும் நல்லது, பாட்டு கேட்கும்போது எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அது தோலுக்குள் பச்சை ஒளியைப் பாய்ச்சி, ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று பார்த்துக் கணக்கிடுகிறது. வாரைத் தளர்வாகக் கட்டினால் உளறும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நகராத அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். கையை ஆட்டித் தாளம் போட்டாலும் அது தப்பாகக் காட்டும். தாளம் போடாமல் பாட்டு கேட்பது நம்மவர்களுக்குக் கஷ்டம், தெரியும். வாட்ச் கட்டாத கையால் போடுங்கள் என்றும் சொல்ல முடியாது, அசைவே துடிப்பைக் கூட்டிவிடும்.

படி 2: பாட்டு இல்லாத எண் எவ்வளவு?

பெரியவர்களுக்கு ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு. நன்றாக உடற்பயிற்சி செய்பவர்களுக்கு 50க்கும் கீழே கூடப் போகும். இந்த எண் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. எழுந்து நின்றாலே பத்துப் பதினைந்து கூடலாம். சாப்பாடு, காபி, சிகரெட், வெயில், காய்ச்சல், சண்டை, எல்லாம் கூட்டும்.

அதனால் சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகட்டும், காபி, டீ குடித்து அரை மணி ஆகட்டும். முதுகு சாய்ந்து, இரண்டு காலும் தரையில் படும்படி உட்காருங்கள். ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். போனையும் பார்க்க வேண்டாம். அப்புறம் எண்ணுங்கள். இப்படி மூன்று நாள் ஒரே நேரத்தில் எடுத்தால் உங்கள் எண் எங்கே சுற்றுகிறது என்று தெரிந்துவிடும். எனக்கு 70க்கும் 75க்கும் நடுவில்.

முடிந்தால் மூச்சையும் எண்ண வேண்டும். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கும். ஆனால் தன் மூச்சைத் தானே எண்ணினால் அந்த நொடியே அது மாறிவிடும். வீட்டில் யாரையாவது எதிரில் உட்கார வைத்து, சொல்லாமல் எண்ணச் சொல்லுங்கள்.

படி 3: நான்கு பாட்டைத் தேர்ந்தெடுங்கள்

சொல் இல்லாத, மெதுவான வாசிப்பு ஒன்று. வீணையோ புல்லாங்குழலோ, தாளமே இல்லாத ஆலாபனையாக இருந்தால் இன்னும் நல்லது. அடுத்து தாளம் முன்னே நிற்கும் வேகமான ஒன்று. பறை, தவில், குத்து, எதுவானாலும் சரி. மூன்றாவது உங்களுக்கு உயிரான பாட்டு, பழைய ஞாபகங்களைக் கிளறுகிற பாட்டு. நான்காவது உங்களுக்குப் புரியாத மொழியில், இதுவரை கேட்டிராத பாட்டு. கடைசி இரண்டும் ஏன் என்றால், பாட்டு செய்கிற வேலை எது, ஞாபகம் செய்கிற வேலை எது என்று பிரித்துப் பார்க்கத்தான்.

பாட்டின் வேகத்தைத் தெரிந்துகொள்ள, கால் தானாகத் தட்டுகிற இடங்களை 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒரே பாட்டை 70 என்றும் சொல்லலாம், 140 என்றும் சொல்லலாம், எதைத் தட்டு என்று எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. இணையத்தில் போட்டிருக்கும் எண்களும் இதனால்தான் பாதியாகவோ இரட்டிப்பாகவோ இருக்கும். உங்கள் காலை நம்புங்கள்.

கர்நாடக இசை கேட்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். விளம்ப காலத்தில், அதாவது மெதுவாகப் போகும் ஒரு கிருதியில் மத்யம கால வரிகள் வரும்போது கை போடும் தாளம் மாறுவதில்லை, சொற்கள் மட்டும் இரட்டை வேகத்தில் விழும். தட்டை மட்டும் எண்ணினால் பாட்டு மாறவே இல்லை. என் நாடி மட்டும் அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் எழும்புகிறது. ஆகவே வேகம் என்ற ஒரே எண்ணில் பாட்டை அடக்கிவிட முடியாது, கேட்ட அனுபவத்தையும் பக்கத்தில் இரண்டு வார்த்தையில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: சோதனை

ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, கடைசி நிமிடத்தில் நாடியை எண்ணுங்கள். பாட்டை நான்கைந்து நிமிடம் ஓட விட்டு, அதன் கடைசி நிமிடத்தில் எண்ணுங்கள். பாட்டை நிறுத்தி இரண்டு நிமிடம் சும்மா இருந்து, இரண்டாவது நிமிடத்தில் எண்ணுங்கள். நோட்டில் 72, 75, 70 என்று மூன்று எண் விழும். மூன்றாவது எண்ணை மட்டும் சோம்பேறித்தனத்தில் விட்டுவிடாதீர்கள், சுவாரசியம் அதில்தான் இருக்கிறது.

ஐந்து நிமிடம் விட்டு அடுத்த பாட்டு. ஒரு உட்காரலில் மூன்று பாட்டுக்கு மேல் வேண்டாம். நாளைக்கு வரிசையை மாற்றுங்கள். இதை நான் முதலில் செய்யவில்லை. எப்போதும் குத்துப்பாட்டை முதலிலும் புல்லாங்குழலைக் கடைசியிலும் போட்டு, ஆகா, புல்லாங்குழல் எப்படி இறக்குகிறது பார் என்று வீட்டில் எல்லாரிடமும் பெருமையடித்தேன். என் மனைவிதான் கேட்டாள்: "அரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் பாட்டு இல்லாமலேயே இறங்காதா?" சரிதான். மறுநாள் பாட்டே போடாமல் அரை மணி உட்கார்ந்தேன். நாலு துடிப்பு இறங்கியது. அதுவரை எழுதியதெல்லாம் வீண்.

ஆகையால் ஒரு நாள் முழுக்க பாட்டே இல்லாத சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாட்டையும் அதற்குச் சற்று முன் எடுத்த எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள், அன்றைய முதல் எண்ணோடு அல்ல. ஒலியளவும் எல்லாப் பாட்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். சத்தம் அதிகமானால் அதுவே துடிப்பைக் கூட்டும், அப்புறம் சத்தத்தையும் வேகத்தையும் பிரிக்க முடியாது. பக்கத்தில் இருப்பவர் சாதாரணமாகப் பேசினால் கேட்கிற அளவு போதும்.

படி 5: நோட்டைப் படிப்பது

ஐந்தாறு நாள் எழுதிய பிறகு பாருங்கள். ஒன்றிரண்டு துடிப்பு இப்படியும் அப்படியும் போவதை விட்டுவிடுங்கள், அது எதுவும் செய்யாவிட்டாலும் நடக்கும். எல்லா நாளும் ஒரே திசையில் மூன்று, நான்கு, ஐந்து என்று நகர்ந்திருந்தால் அது பாட்டின் வேலைதான். பத்துக்கு மேல் போயிருந்தால் முதலில் உங்களைச் சந்தேகப்படுங்கள். கூடவே பாடினீர்களா? காலை ஆட்டினீர்களா? நடுவில் போன் வந்ததா?

மூன்று நான்கு துடிப்பா, இவ்வளவுதானா என்று தோன்றும். மருத்துவமனைகளில் கிடைக்கும் அளவும் ஏறக்குறைய அதுதான். இதய நோயாளிகளுக்கு இசை கேட்க வைத்த 26 ஆய்வுகளை, மொத்தம் 1369 பேரை, 2013இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. துடிப்பு சராசரியாக மூன்று சொச்சம் இறங்கியது. பதற்றமும் ஓரளவு குறைந்தது. நல்ல விஷயம்தான், ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பாட்டு கேட்கிற அளவுக்கு அல்ல.

மூன்றாவது பாட்டில், அதாவது உயிரான பாட்டில், பலருக்கு எதிர்பாராத எண் வரும். மெதுவான பாட்டாக இருந்தும் துடிப்பு ஏறியிருக்கும். புல்லரித்த இடத்தை நினைத்துப் பாருங்கள். கனடாவின் மான்ட்ரியலில் பிளட், சடோர் என்ற இருவர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், பத்துப் பேருக்கு அவரவர் தேர்ந்தெடுத்த, புல்லரிக்க வைக்கிற இசையைப் போட்டார்கள். புல்லரிப்பின்போது துடிப்பு கூடியது, மூச்சும் மாறியது. ஆகவே மனதை உருக்குகிற பாட்டும் இதயத்தைத் தளர்த்துகிற பாட்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ராத்திரி தூக்கம் வர வேண்டும் என்று உயிரான பழைய பாட்டைப் போட்டுக்கொண்டு, பன்னிரண்டு மணி வரை பழைய காதலை நினைத்துப் புரண்டுகொண்டிருப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

படி 6: இனி இதை வைத்து என்ன செய்வது?

அமைதிக்கு என்றால், உங்கள் நோட்டில் தொடர்ந்து இறக்கிய பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சொல் இல்லாதது, திடீர் ஏற்றம் இல்லாதது, ரொம்பப் பழகியதும் ரொம்பப் புதியதும் இல்லாதது பொதுவாக வேலை செய்யும். பத்து நிமிடம் கேளுங்கள். வரியின் நீளத்துக்கு மூச்சை விட்டுப் பாருங்கள், நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால் நிமிடத்துக்கு ஆறு வந்துவிடும். தலை சுற்றினால் விட்டுவிடுங்கள். அப்புறம் பாட்டை நிறுத்தி இரண்டு மூன்று நிமிடம் சும்மா இருங்கள். ஆப்பில் ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியை அணைத்து வைக்காவிட்டால் இந்த மௌனம் கிடைக்காது.

நடைக்கு என்றால் கணக்கு வேறு. நிமிடத்துக்கு 100 காலடி எடுத்து வைப்பது என்பது ஓரளவு மூச்சு வாங்கும் நடை. 110, 120 தட்டு உள்ள பாட்டு கால் வேகத்தைச் சீராகப் பிடித்துவைக்கும். ஓடுபவர்களுக்கும் ஜிம் போகிறவர்களுக்கும் 120க்கும் 140க்கும் நடுவில் உள்ள பாட்டுகள் பிடிக்கின்றன என்று லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தின் கராஜியோர்கிஸ் பல வருடமாகக் காட்டிவருகிறார். ஆனால் அவர் உள்ளிட்ட குழு 2020இல் 139 ஆய்வுகளைத் தொகுத்தபோது, உடற்பயிற்சி நேரத்தில் கேட்கும் பாட்டால் இதயத்துடிப்பில் சொல்லும்படியான மாற்றம் இல்லை என்றே வந்தது. மாறுவது மனநிலை, களைப்பு தெரியும் அளவு, செய்து முடிக்கும் வேலை. ஓடும்போது இதயம் தசைகளுக்குத் தேவையான ரத்தத்தைப் பார்த்து அடிக்கிறது, பாட்டைக் கேட்க அதற்கு நேரமில்லை. சாலையோரம் நடக்கிறவர்கள் ஒரு காதிலாவது இயர்போன் இல்லாமல் நடங்கள், பின்னால் வருகிற பைக்குக்கு உங்கள் தாளம் தெரியாது.

குறிப்பிட்ட ராகம் ரத்த அழுத்தத்தைக் குணமாக்கும், 432 ஹெர்ட்ஸில் சுருதி சேர்த்தால் இதயம் சீராகும் என்றெல்லாம் வருகிற வீடியோக்களைப் பற்றியும் கேட்பீர்கள். 432 பற்றி இத்தாலியில் முப்பது சொச்சம் பேரை வைத்து ஒரு சிறு முன்னோட்ட ஆய்வு நடந்திருக்கிறது, துடிப்பு சில எண்கள் குறைந்ததாகவும் சொல்கிறது. அதை வைத்துக் கடை விரிப்பது அதிகம். நீலாம்பரி ராகம் தூங்க வைக்கும் என்பது நம் மரபு. நானும் நம்புகிறேன், ஆனால் நீலாம்பரியை யாரும் குத்துப்பாட்டு வேகத்தில் பாடித் தாலாட்டுவதில்லையே. அங்கே வேலை செய்வது ராகமா, காலப்பிரமாணம் என்கிற பாட்டின் வேகமா? நோட்டு உங்கள் கையில் இருக்கிறது, ஒரே ராகத்தில் இரண்டு வேகத்தில் கேட்டு எழுதிப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியவர்கள்

அடெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தச் சோதனையில் எண் அதிகம் நகராது. மாத்திரையே ஆக்சிலரேட்டரைப் பிடித்து வைத்திருப்பதால் அப்படி, பாட்டின் குறை அல்ல. சும்மா இருக்கும்போதே அடிக்கடி 100க்கு மேல் போனாலோ, துடிப்பு தாறுமாறாக விட்டுவிட்டு வந்தாலோ, மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தாலோ நோட்டை மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஹெட்ஃபோனில் கவனமாக இருக்க வேண்டும். பாட்டால் ஒன்றும் இல்லை, ஹெட்ஃபோனுக்குள் இருக்கும் காந்தம்தான் பிரச்சினை. கருவிக்கு 3 சென்டிமீட்டருக்குள் வந்தால் அது கருவியின் வேலையைக் குழப்பலாம் என்று 2008இல் அமெரிக்காவில் சோதித்துக் காட்டினார்கள். காதில் இருக்கும்வரை பயமில்லை. கழற்றிக் கழுத்தில் தொங்கவிடுவதும் சட்டைப் பையில் போடுவதும்தான் கூடாது. தாத்தா இயர்போனை மார்பில் போட்டுக்கொண்டே தூங்கிப்போகிற வீடுகளில் இதைச் சொல்லி வையுங்கள்.

கடைசியாக, ரத்த அழுத்தம் பார்க்கப் போகும்போது. கருவியைக் கட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல், கால் மேல் கால் போடாமல் உட்கார வேண்டும் என்பது பொதுவான விதி. அந்த ஐந்து நிமிடத்தைப் பாட்டு இல்லாத இடத்தில் உட்காருங்கள். இந்த மாதம் அதே கிளினிக்குக்குப் போனபோது வராந்தாவில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். காபி குடிக்கவில்லை. மாடி ஏறி இருபது நிமிடம் ஆகியிருந்தது. 80. டாக்டர் பயத்துக்கு நான் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டேன், ரிமோட் எங்கே என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.